பாஞ்சேத் விலங்கு: மகளுக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்,
ஜூன் 14.

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நலம். அண்டார்டிகாவில், மைத்ரி ஆய்வு நிலையத்தில் நீயும் உன் பொறுப்பில் இருக்கும் குழுவினரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, சூரியன் மறைந்து மூன்று வாரம் ஆகிவிட்டது என்றும், வேளை தெரியாமல் தூக்கம் இழுத்துக்கொண்டே போகிறது என்றும் சொன்னாய். ஒரு மருத்துவர் இப்படித் தூங்கலாமா என்று உன்னையே கேலி செய்துகொண்டு, "இந்த இருட்டில் எந்தப் பிராணி அப்பா தாக்குப்பிடிக்கும்?" என்று கேட்டாய். பென்குவின் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. நான் சொல்ல வந்தது பென்குவினோடு முடியவில்லை. அதே கண்டத்தில், பனியே இல்லாத ஒரு காலத்தில், இதே நீண்ட இருட்டைத் தூங்கிக் கழித்ததாகத் தன் பல்லில் தடயம் வைத்துவிட்டுப் போன ஒரு விலங்கு உண்டு. அதன் பெயர் லிஸ்ட்ரோசாரஸ்.

பெயரில் சாரஸ் இருப்பதால் டைனோசர் என்று எண்ணிவிடாதே. டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே வாழ்ந்த விலங்கு அது. மண்டையோட்டில் கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரே ஒரு திறப்பு இருக்கும். அந்த அமைப்புதான் அதைப் பல்லி, முதலை வரிசையிலிருந்து பிரித்து, பாலூட்டிகள் கிளைத்த வரிசையில் சேர்க்கிறது. ஆயினும் அது நமக்கு மூதாதை அன்று. நம் மூதாதையரின் பங்காளி என்று சொல்வதே பொருத்தம். பெரும்பாலானவை ஒரு பன்றி அளவே இருந்தன, சில இனங்கள் அதைவிட நன்றாகவே பெரியவை. குட்டையான உடல், மண்ணைத் தோண்டுவதற்கேற்ற உரமான முன்னங்கால்கள், சட்டென்று கீழ்நோக்கி மடிந்த முகம். வாயில் ஆமைக்கு இருப்பது போன்ற கொம்பு அலகு. மேல்தாடையிலிருந்து இறங்கும் இரண்டு தந்தங்களைத் தவிர வேறு பல்லே கிடையாது. செடியை அலகால் கொய்து, கீழ்த்தாடையை முன்னும் பின்னுமாக இழுத்து அறுத்துத் தின்றது. அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. இருந்தும் எனக்கு அதன் மேல் ஒரு வாஞ்சை உண்டு, ஏனென்றால் என் உத்தியோகக் காலத்தில் பெரும்பகுதியை அது புதைந்திருந்த பாறையின் மேல்தான் நடந்து கழித்தேன்.

ஆசன்சோலில் நாம் இருந்தபோது, பள்ளி விடுமுறைகளில் உன்னைப் பாஞ்சேத் அணைக்கு அழைத்துச் சென்றது நினைவிருக்கும். அணையருகே நிற்கும் பாஞ்சேத் மலையின் பெயரைத்தான் அங்குள்ள பச்சையும் செம்பழுப்புமான களிமண் பாறை அடுக்குகளுக்கும் வைத்திருக்கிறார்கள். ராணிகஞ்ச் பகுதியின் பாஞ்சேத் பாறைகளில் கிடைத்த எலும்புகளை 1865ஆம் ஆண்டிலேயே லண்டனிலிருந்த தாமஸ் ஹக்ஸ்லி ஆராய்ந்து எழுதினார். டார்வினுக்காக வாதாடிய அதே ஹக்ஸ்லிதான். அவர் அப்போது வேறு பெயரிட்டிருந்தாலும், தென்னாப்பிரிக்காவின் கரூ என்ற வறண்ட நிலப்பகுதியில் கிடைக்கும் அதே வகை விலங்குகளின் எலும்புகள் நம் தாமோதர் கரையிலும் இருக்கின்றன என்பது அன்றே தெரியவந்துவிட்டது.

நிலக்கரி தேடிய எங்களுக்குப் பாஞ்சேத் பாறை என்றால் அலுப்பு. துளைக்கருவி அதில் இறங்கிக்கொண்டிருக்கும் வரை துளைத்தெடுத்த பாறையை அடுக்கிவைக்கும் கோர் பெட்டியில் பச்சைக் களிமண் துண்டுகள்தாம் நிறையும். அதைக் கடந்து கீழே போனால்தான் ராணிகஞ்ச் அடுக்கின் கறுப்புக் கரி தலைகாட்டும். கீழே அத்தனை கரி இருக்க, மேலே ஒரு விரற்கடை கூட இல்லாமல் போனது ஏன் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்தவரைக் கேட்டேன். "மரம் இருந்தால்தானே தம்பி கரி இருக்கும்" என்றார். எவ்வளவு சுருக்கமாக, எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று பிற்பாடு புரிந்தது. ஏறத்தாழ 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருகி, அதோடு வந்த வாயுக்களால் உலகமே வெப்பமேறிக் கடலிலும் நிலத்திலும் உயிரினங்களில் பெரும்பாலானவை அழிந்தன. இந்தியாவும் தெற்குக் கண்டங்களும் ஒன்றாய்க் கிடந்த கோண்டுவானா நிலமெங்கும் சதுப்புக் காடாக நின்று நமக்குக் கரியாகிக் கிடைத்த குளோசோப்டெரிஸ் மரங்களும் அதில் மாண்டன. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு காலத்துக்கு உலகில் எங்குமே கரி அடுக்கு உருவாகவில்லை. அந்தக் கரியில்லாக் காலத்தின் தொடக்கத்தில் படிந்ததுதான் பாஞ்சேத் மண். அதில் கிடக்கும் எலும்புதான் லிஸ்ட்ரோசாரஸ். கரூவில் அக்காலத்துச் சில அடுக்குகளில் கிடைக்கும் முதுகெலும்பு விலங்குகளில் பத்துக்கு ஒன்பது அதுவாகவே இருக்கும் என்கிறார்கள். நிலத்தில் ஒரே வகை விலங்கு இவ்வளவு தூரம் பெருகி நின்ற காலம் வேறொன்று இருந்ததாக நான் படித்ததில்லை.

இனி உன் கண்டத்துக்கு வருகிறேன். 1969 டிசம்பரில் எட்வின் கோல்பர்ட் இடம்பெற்றிருந்த அமெரிக்கக் குழு, பியர்ட்மோர் பனியாற்றுப் பக்கம் கோல்சாக் பிளஃப் என்ற குன்றில் இதே விலங்கின் எலும்புகளைக் கண்டெடுத்தது. நீ இருக்கும் இடத்திலிருந்து அது துருவத்தையும் தாண்டி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மைத்ரியைச் சுற்றியுள்ள பாறைகளோ வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகள்; அவற்றில் எலும்பைத் தேடி விரல்களை உறையவைத்துக்கொள்ளாதே. கண்டங்கள் நகர்ந்தனவா இல்லையா என்ற வாதம் அப்போது ஓய்ந்துகொண்டிருந்தாலும், இந்த விலங்கு அதற்கு ஒரு நல்ல சாட்சியாயிற்று. குட்டைக்காலும் பருத்த உடலுமாக நிலத்தில் மேய்ந்த ஒரு பிராணி தெற்குப் பெருங்கடலை நீந்திக் கடந்திருக்கும் என்று எவராலும் வாதாட முடியாது. இந்தியாவும் ஆப்பிரிக்காவும் அண்டார்டிகாவும் ஒட்டிக் கிடந்திருந்தால் அது நடந்தே போயிருக்கும். நான் கல்லூரியில் சேர்ந்தபோது இது இன்னும் புதுச் செய்தி. எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் மூன்று நிலங்களையும் ஒட்டி வரைந்து, நடுவில் ஒரு பன்றியைப் போட்டார். வகுப்பே சிரித்தது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. பீடில் என்ற மதபோதகர் தம் கையில் கிடைத்த இதன் மண்டையோட்டைப் பற்றி முதலில் ஓத்னியல் மார்ஷ் என்ற அறிஞருக்குக் கடிதம் எழுதினாராம். மார்ஷ் பதில் போடவில்லை. பிறகு எட்வர்ட் கோப்புக்கு எழுதினார். கோப் உடனே பதில் எழுதி, 1870இல் லிஸ்ட்ரோசாரஸ் என்று பெயரும் சூட்டிவிட்டார். மார்ஷும் கோப்பும் பரம வைரிகள். என் சென்ற இரண்டு மின்னஞ்சல்களுக்கும் உன் பதில் இன்னும் வரவில்லை என்பதை இந்த இடத்தில் குறிப்பிடுகிறேன்.

நான் சொல்ல வந்த தூக்கத்துக்கு வருகிறேன். இதன் தந்தம் யானைத் தந்தம் போலவே வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டிருந்தது. அதைக் குறுக்கே அறுத்து மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் ஆண்டு வளையம் போல வளர்ச்சி வளையங்கள் தெரியும். மேகன் விட்னி, கிறிஸ்டியன் சைடர் என்ற இருவர் அண்டார்டிகாவில் கிடைத்த ஆறு தந்தங்களையும் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த நான்கையும் இப்படி ஒப்பிட்டு 2020இல் வெளியிட்டார்கள். அண்டார்டிகத் தந்தங்களில், நெருக்கமாகத் தடித்த வளையங்கள் காணப்பட்டன. ஆப்பிரிக்கத் தந்தங்களில் அப்படி இல்லை. குளிர்கால உறக்கத்தில் கிடக்கும் இன்றைய விலங்குகளின் பற்களிலும் இதுபோன்ற தடங்கள் விழுவதுண்டு. அக்காலத்து அண்டார்டிகாவில் பனி இல்லை. ஆனால் அது அப்போதும் துருவ வட்டத்துக்குள்தான் இருந்தது, ஆகவே மாதக்கணக்கில் இருட்டும் இருந்தது. இருட்டில் செடி வளராது. செடி வளராதபோது உடலின் இயக்கத்தையே தணித்துக்கொண்டு கிடப்பது அந்த விலங்குக்குக் கைகொடுத்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு, தூங்கத் தெரிந்ததால்தான் அது பேரழிவில் பிழைத்தது என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. உறக்கத்தின் தடம் தெளிவாக இல்லாத கரூவிலும் அது பெருகியே வாழ்ந்தது. வளை தோண்டியது, கிடைத்ததைத் தின்றது, அழிவுக்குப் பின் வந்த தலைமுறைகள் அற்பாயுளில் சாகும்முன் இளவயதிலேயே இனப்பெருக்கம் செய்தன என்றும் எலும்பை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதையும் மீறிச் செத்தவை எத்தனையோ. வறண்ட ஆற்றங்கரையில் கூட்டமாக மடிந்து கிடந்த இளம் விலங்குகளை அங்கே கண்டெடுத்திருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றின் தோல் கூட, மயிரின்றிச் சுருங்கிப் போய், பாறையில் பதிந்திருக்கிறது. பிழைத்த இனம் என்கிறோம். அந்தக் குட்டிகள் தண்ணீர் தேடி வந்துதான் செத்தன.

நீ ஏழு வயதில் பாஞ்சேத் அணைக்கரையில் பொறுக்கிவந்து, எலும்பு என்று அடம்பிடித்து என் மேசையில் வைத்த பச்சைக் கல் இன்னும் அங்கேயே, பேனாக் கிண்ணத்தின் பக்கத்தில் இருக்கிறது. நேற்று மறுபடி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெறும் களிமண் பாறைதான்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
அப்பா