வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புகிறவர்களுக்கு, அடுத்த சில வாரங்கள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையோ தனியாரோ, எல்லா இடத்திலும் இதைக் கட்டாயமாக்குங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

என் அம்மா மதுரையில் பூ கட்டி விற்பவர். அறுபதைத் தாண்டியவர். ஐப்பசி மழையில் வாசற்படியில் வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு உடைந்து, மூட்டு வரைக்கும் விரிசல் ஓடியிருந்தது. புத்தூர் கட்டுக்குப் போங்கள் என்று தெருவில் ஆளாளுக்குச் சொன்னார்கள். மூட்டுக்குள்ளேயே எலும்பு விலகியிருப்பதால் கட்டு மட்டும் போதாது, பிளேட் வைத்தால்தான் நேராகச் சேரும் என்று மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். கையை மட்டும் மரத்துப்போக வைத்து, டைட்டானியம் பிளேட் பொருத்தினார்கள். அந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

குறை எல்லாம் அதற்கு அப்புறம்தான். கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க ஆங்கிலம். மாத்திரை வேளையை மட்டும் வாயால் சொன்னார்கள். "கையைப் பத்திரமா வச்சுக்கங்கம்மா" என்றார்கள், அவ்வளவுதான். அம்மாவுக்குப் பத்திரம் என்றால் அசைக்காமல் வைத்திருப்பது. பார்க்க வந்த சொந்தக்காரர்களும் "விரலைக்கூட ஆட்டாதக்கா" என்றே சொல்லிவிட்டுப் போனார்கள். கழுத்துப் பட்டையில் கை தொங்கியபடியே கிடந்தது. விரல்கள் வீங்கி, தோல் இழுத்துப் பிடித்துப் பளபளத்தது. தையல் பிரிக்கப் போனபோது விரல் நுனி உள்ளங்கையைத் தொடவில்லை. கையை மூடவே முடியவில்லை.

பிறகு வாய்த்த பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண். அவர்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். முதல் நாட்களில் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்திருந்தால் வீக்கம் வடியும். மணிக்கட்டுக்குத்தான் ஓய்வு, விரல், முழங்கை, தோள்பட்டைக்கு ஓய்வு கிடையாது. எலும்பு சேர ஆறு வாரம் போல ஆகும், பிடிமானம் திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அம்மா பட்ட வலியில் பாதி இல்லாமல் போயிருக்கும்.

விரலை மடக்குவதைவிட உள்ளங்கையை மேல் நோக்கித் திருப்புவதுதான் அம்மாவுக்குக் கடினமாக இருந்தது. கோயிலில் திருநீறு வாங்கக் கையை நிமிர்த்த முடியவில்லை, இடது கையை நீட்டுவதா என்று பின்வாங்கிவிடுவார். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பித் திருப்பிப் பழகினார். விரலுக்குப் பூ கட்டுவதே நல்ல பயிற்சி என்று அந்தப் பெண் சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது. முதலில் பூவே இல்லாமல் வெறும் வாழை நாரில் முடிச்சு. அப்புறம் விரலுக்கு அகப்படுகிற செவ்வந்தி. அப்புறம் சம்பங்கி. மல்லி மொட்டு சின்னது, நழுவும், அதனால் அது கடைசியில். இப்போது மல்லியும் கட்டுகிறார், பழைய வேகம் வரவில்லை. ஈரத்துணியை முறுக்கிப் பிழிய இன்னும் முடியவில்லை.

மணிக்கட்டுக்குச் சற்று மேலே உடையும் இதுபோன்ற முறிவை டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-லேயே விவரித்து எழுதிவிட்டார். எக்ஸ்ரே வருவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பு! உலகம் இத்தனை காலமாக அறிந்த முறிவுக்கு நம் ஊரில் தமிழில் ஒரு தாள் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

அந்தத் தாளில் அபாய அறிகுறிகளும் இருக்க வேண்டும். விரல் நீலம் பாய்ந்தால், மரத்துப்போவது கூடிக்கொண்டே போனால், கட்டைவிரல் திடீரென்று தூக்க முடியாமல் போனால் உடனே வர வேண்டும் என்று எழுதுங்கள். மாதவிடாய் நின்ற பெண்கள் நின்ற இடத்தில் விழுந்தே எலும்பை உடைத்துக்கொண்டால், எலும்பின் அடர்த்தியையும் பரிசோதிக்க வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பரிசோதனையைச் சொன்னதும் பிசியோதெரபிஸ்ட்தான். எலும்பு தேய்ந்திருப்பது தெரிந்து இப்போது அதற்கும் மருந்து சாப்பிடுகிறார். அடுத்த முறை விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் என்ன ஆகும்?

இன்னொன்று. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும், அதாவது பிசியோதெரபியும், உண்டு. பலர் அதை பிரஷர், சுகர் மாத்திரை தரும் திட்டம் என்றே நினைத்திருக்கிறார்கள். யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் அதே தாளில் போட்டுவிடலாம்.

அம்மாவுக்கான பயிற்சிகளை அந்தப் பெண் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் படம் போட்டுக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அதைப் பார்த்தே செய்கிறார். அதன் நகலைப் பக்கத்துத் தெருவில் கை உடைந்த ஒருவருக்கும் கொடுத்தேன். சுகாதாரத் துறை இப்படி ஒரு பக்கத்தை அச்சிட்டு, தையல் பிரிக்கும் நாள் வரை காத்திராமல், வீட்டுக்கு அனுப்பும் அன்றே எல்லோர் கையிலும் கொடுக்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
பூக்காரர் ஒருவரின் மகள்,
மதுரை.