பகலில் சோறு போடுவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பிள்ளைகளைக் காய்கறி சாப்பிட வைப்பது பற்றிய கட்டுரையில், "வீட்டுப் பெரியவர்கள் கொடுக்கும் செல்லமே முதல் தடை" என்று ஒரு வரி. அதைப் படித்தபோது பேரனுக்காக முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கையும் கீரையுமாகப் பிடிபட்டேன்!

கட்டுரை புகழும் ஹூஸ்டன் அளவுகோல், அதாவது பிள்ளைகளைக் காய்கறி சாப்பிட வைக்கப் பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்று கேட்கும் அமெரிக்க வினாத்தாள், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டுச் செய்தது. தாங்கள் அறியாததல்ல. ஆனால் இங்கே மொரிஷியஸில், ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டில் மகளும் மருமகனும் விடிந்ததும் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறார்கள். பகல் சோறு என் கையில்.

போன வருடம் பேரனின் பள்ளியிலிருந்தும் இப்படி ஒரு தாள் வந்தது. "பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் காய் சாப்பிடுவீர்களா?" "எப்போதும்" என்று மகள் டிக் போட்டாள். பாகற்காயை இன்றுவரை தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறவள் அவள். பொய்க்காரி இல்லை, டீச்சர் பார்ப்பாரே என்ற கூச்சம். "காய் தின்றால் இனிப்பு தருவீர்களா?" "ஒருபோதும் இல்லை." அப்படியானால் ஃப்ரீசரில் இருக்கும் ஐஸ்கிரீம் டப்பா யாருக்காம்? கூலி கொடுத்துச் சாப்பிட வைத்தால் அந்த உணவின் மேலேயே பிள்ளைக்கு விருப்பம் குறைகிறது என்று பிள்ளைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்த அமெரிக்கர் லீஆன் பர்ச் 1984இலேயே காட்டிவிட்டார். நான் லஞ்சம் கொடுப்பதில்லை. தினம் ஒரு கரண்டி பாகற்காய் வைப்பேன், தொடாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுவேன். பத்து நாளைக்கு மேல் ஆயிற்று, ஒரு துண்டை வாயில் போட்டான். இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறி, அதுதான் இங்கே எல்லோரும் பிரெஞ்சில் சொல்லும் 'செத் காரி', பரிமாறியபோது பூசணியைக்கூட வழித்துத் தின்றான். யாரும் "சாப்பிடு" என்று சொல்லவில்லை. பக்கத்து இலைகளைப் பார்த்தான், தின்றான்.

ஏழு கறி என்றதும் நினைவு வருகிறது. பொங்கல் மலருக்கு நான் அனுப்பிய ஏழு கறிக் குறிப்பை நான்கு கறியாக வெட்டிப் போட்டீர்கள். இடமில்லையாம். எதிர்ப்பக்கம் முழுக்க நகைக்கடை விளம்பரம். தமிழ் வகுப்பு பற்றி இரண்டு கடிதம் எழுதினேன், அதற்கும் பதில் இல்லை. சரி, பெரியவர்கள்தானே, பொறுத்துக்கொள்வோம்.

என் கோரிக்கை சின்னது. அந்த வினாத்தாளைத் தமிழில் வெளியிடப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். "பகலில் பிள்ளைக்குச் சோறு போடுவது யார்?" என்பதை முதல் கேள்வியாகச் சேருங்கள். அப்புறம், கட்டுரைக்குப் போட்ட ப்ரோக்கோலி படத்தை எடுத்துவிட்டு ஒரு கொத்து முருங்கையைப் போடுங்கள். எங்கள் வேலியிலேயே நிற்கிறது. ஆள் அனுப்பினால் ஒடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
செல்லம் கொடுக்கும் பாட்டி,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்