கியூ கையில் மாட்டிக்கொண்டால்

அன்புத் தம்பிக்கு,

நேற்று போனில் நீ சொன்னது மனசிலேயே இருக்கிறது. ஸ்கிராபிள் ஆட்டத்தில் கடைசி வரை கியூ எழுத்து கையிலேயே கிடந்தது, அதோடு சேர யூ வரவே இல்லை, எதிரில் இருந்தவர் யாருக்குமே தெரியாத செத்துப்போன சொற்களைப் போட்டு ஜெயித்துவிட்டார், இது என்ன நியாயம் என்று கேட்டாய். நியாயம்தான்பா. அகராதியில் இருந்தால் செல்லும் என்று ஆடுவதற்கு முன்பே இரண்டு பேரும் ஒத்துக்கொண்டீர்களே, அப்புறம் அதை இன்றைக்கு யார் பேசுகிறார்கள் என்று கேட்க முடியாது. நீங்கள் மான்செஸ்டரில் ஆடுவதும் நாங்கள் பினாங்கில் ஆடுவதும் ஒரே காலின்ஸ் அகராதிச் சொற்பட்டியல்தான், அமெரிக்கக்காரர்களுக்குத்தான் வேறு, கொஞ்சம் சின்னது.

முதலில் கியூவைப் பார்ப்போம். ஆட்டம் முடியும்போது அது உன்னிடம் மீந்தால் உனக்கு 10 கழியும், எழுத்துகளை முடித்துவிட்டு எழுந்தவருக்கு அதே 10 கூடும், ஆக 20 புள்ளி போகிறது. அதற்கு கியூ, ஐ என்ற இரண்டெழுத்தே போதும். உடம்பில் ஓடும் உயிர்ச்சக்திக்குச் சீனர்கள் சொல்வது. எழுத்துக்கு மும்மடங்கு தரும் கட்டத்தில் கியூ உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு ஐ, கீழே ஒரு ஐ அமைந்தால் 62 புள்ளி.

இன்னொன்று, இதை நீ யோசித்திருக்க மாட்டாய். யூ இல்லாத கியூ சொற்களில் நிறைய அரபு வழி வந்தவை, அவற்றை நீ இங்கே பள்ளிக்கூடத்தில் மலாயிலேயே பார்த்திருக்கிறாய். காடி (நீதிபதி), ஃபக்கீர் (துறவி), தலாக் (மணவிலக்கு), கிப்லாட் (தொழுகைத் திசை). மலாயில் கே வருகிற இடத்தில் கியூ போடு, கிப்லாட்டில் மட்டும் கடைசி டியை விட்டுவிடு, நாலும் செல்லும். உன்னோடு ஆடுகிற வெள்ளைக்காரர் இதை உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டும், உனக்கு அது சின்ன வயதிலேயே வந்துவிட்டது.

உயிரெழுத்தே வராமல் கை வறண்டால் சி, டபிள்யூ, எம்: வேல்ஸ் நாட்டு மலைப் பள்ளத்தாக்கு. சி, எச் மட்டும் கூட ஒரு சொல், பழைய ஆங்கில வட்டார வழக்கில் 'நான்' என்று அர்த்தம், இப்போது வாயால் யாரும் சொல்வதில்லை, பலகையில் மட்டும் உயிரோடு இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது இசட், ஏ, எக்ஸ். கூரைக்குப் போடும் கற்பலகையை வெட்டுகிற கருவி, வெறும் கட்டத்தில் வைத்தாலே 19 புள்ளி.

நைஜல் ரிச்சர்ட்ஸைத் தெரியும்தானே, நியூசிலாந்துக்காரர், நம் மலேசியாவுக்கு வந்து குடியிருந்தவர். 2007லிருந்து 2019க்குள் ஐந்து முறை ஆங்கில உலகப் பட்டம். 2015இல் பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலேயே பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தையும் வாங்கினார், வெறும் எழுத்து வரிசையை மனதில் ஏற்றிக்கொண்டே. அந்த உழைப்பை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. ஆனால் நீ அந்த வழியில் போகாதே. அர்த்தத்தோடு படி, எந்த ஊர்ச் சொல், எதற்குச் சொன்னார்கள் என்று தெரிந்தால்தான் நெருக்கடியில் கைக்கு வரும்.

இரண்டெழுத்துச் சொற்கள் 120க்கு மேல் இருக்கின்றன, அதிலிருந்து தொடங்கு, நீளமானவை அப்புறம். ஞாயிறு இங்கே இரவு 9 மணிக்கு உட்காருகிறேன், உனக்கு மதியம் 2. அம்மா என்று பார்த்து விட்டுக்கொடுக்காதே, நானும் விட மாட்டேன்.

அம்மா