பைன் மரம் காட்டிக் கொடுத்தது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதி. என் தாமதத்துக்குக் காரணம் ஒரு பைன் மரப் பெட்டி. தேக்கிலேயே பழகிய கைக்குப் பைன் எம்மாத்திரம் என்று உட்கார்ந்தேன். முதல் வெட்டிலேயே மானம் போனது. உளி பட்ட இடம் நசுங்கி, குழி குழியாகப் பிய்ந்து வந்தது. மரம் மட்டம் என்று அதன்மேல் பழியைப் போட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. பைனின் ஆண்டு வளையத்தில் வெளிர்ந்த பகுதி பஞ்சு மாதிரி, அடுத்த கருத்த கோடு கெட்டி. தேக்கின் நார் உளிக்கு எதிர்த்து நிற்பதால் கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் வெட்டுப்பட்டுவிடும். பஞ்சுக்கு அந்த வலு ஏது? வளைந்து கொடுத்து, நசுங்கி, கடைசியில் பிடுங்கிக்கொண்டு வருகிறது.

உளியை விளக்கடியில் பிடித்தேன். வெட்டும் வாய் நெடுக மெல்லிய வெள்ளிக் கோடு மின்னியது. கூரான வாய் அப்படி மின்னாது. இத்தனை நாளும் சரிவுப் பக்கத்தையே தீட்டியிருக்கிறேன். முதுகை, அதாவது சரிவில்லாத தட்டைப் பக்கத்தைக் கவனித்ததே இல்லை. இரண்டு முகமும் கூடுமிடம்தானே கூர்? கல்லும் நடுவில் குழிந்திருந்தது, அது தனிக் கூத்து. கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டி முதலில் கல்லைச் சமமாக்கினேன். பிறகு முதுகில் வாயை ஒட்டிய ஓர் அங்குலம் முகம் தெரியும்வரை தேய்த்தேன். ஒரு சாயங்காலமே போனது. நல்லவேளை, ஓர் உளிக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

மெத்தென்ற பைனுக்கு வாய் மெல்லிசாக இருக்கட்டும் என்று சரிவை 30 பாகையிலிருந்து 25-க்கு இறக்கினேன். (இதே உளியைக் கெட்டி மரத்தில் வைத்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) அடித்தால் வாய் பொரிந்துவிடும்.) 1000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைசு), முதுகுப் பக்கம் முழு அகலத்துக்கும் பிசிறு விரலில் தட்டும்வரை தீட்டினேன், பிறகு 6000 எண் கல்லில், கடைசியில் தோலில் இழுத்துப் பிசிறை எடுத்தேன். பைனின் குறுக்கு வெட்டு முகத்தில் சீவினால் இப்போது மெழுகு போலப் பளபளக்கிறது.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள். வெட்டின் எல்லையைக் குறிக்கக் கத்தியால் கீறிய கோட்டிலேயே உளியை வைத்து அடிக்காதே. சரிவு ஆப்பு மாதிரி உளியைப் பின்னால் தள்ளி, கோட்டைத் தாண்ட வைக்கும். ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மிச்சத்தைக் கையழுத்தத்தில் சீவு. இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதியாகப் போனால் அடிப்பக்கம் பிய்யாது.

புது உளி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். உன் பழையதன் முதுகை முதலில் தேய்த்துப் பார். அந்த அரை அங்குல உளி மட்டும் உன்னிடம் இருக்காது. நீ இரவல் கொடுத்தது, நான் மேலே புலம்பியதெல்லாம் அதைப் பற்றித்தான். கூர் வந்த பிறகு திருப்பித் தர மனசு வரவில்லை.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி