லேசான சளிதானே என்று தோன்றும் காலையில்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

சில வாரங்களாகக் காலை வேளையில் பள்ளி அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியோடு வருகின்றன: "பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, மூக்கு மட்டும் லேசாக ஒழுகுகிறது, அனுப்பலாமா, வேண்டாமா?" சீருடை அணிந்து, பையை மாட்டிக்கொண்டு பிள்ளை வாசலில் நிற்க, வேலைக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்போது எடுக்க வேண்டிய முடிவு இது. இந்த முடிவை நீங்கள் மட்டுமே சுமக்கும்படி விடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கொரோனா தொற்று பரவும் காலங்களில், புதிதாகத் தொடங்கிய மூக்கொழுகல், தொண்டை வலி, இருமல், காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும், அது எவ்வளவு லேசாகத் தெரிந்தாலும், அன்று பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் விடுப்பைக் குறித்து எங்கள் ஆசிரியர் எவரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். கொரோனா தொற்று பெரும்பாலான குழந்தைகளிடம் சாதாரணச் சளியைப் போலவே வந்து போகிறது. வெளித்தோற்றத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய மருத்துவராலும் இயலாது. சளி வெள்ளையாக இருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பதும் இதற்கு உதவாது. அதைவிட முக்கியமான செய்தி, தொற்றுக்கு ஆளானவரிடமிருந்து கிருமி பிறருக்குப் பரவுவது அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, அறிகுறி தோன்றிய முதல் சில நாட்களில் மிகுதியாக இருக்கிறது என்பதாகும். ஆகவே, 'இன்னும் முற்றவில்லை, நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று நாம் நினைக்கும் அந்த முதல் நாளும் வகுப்பறைக்கு மிகவும் ஆபத்தான நாட்களில் ஒன்றாகிவிடுகிறது.

வீட்டில் செய்யும் உடனடிப் பரிசோதனையைப் பற்றியும் ஒரு சொல். தொற்று இருக்கிறது என்று அது காட்டினால் நம்பலாம். இல்லை என்று முதல் நாளில் காட்டினால் அதை முழுவதுமாக நம்ப வேண்டாம். கிருமியின் அளவு குறைவாக இருக்கும் தொடக்கத்தில் அந்தச் சோதனை தவறவிடுவதுண்டு என்பதால், 48 மணி நேரம் கழித்து மறுபடியும் செய்து பாருங்கள். ஆய்வகத்தில் செய்யும் பிசிஆர் சோதனையின் இயல்பு இதற்கு நேர்மாறானது. நோய் குணமாகி, பிறருக்குப் பரப்பும் நிலை கடந்த பிறகும்கூடச் சிலருக்கு அது வாரக்கணக்கில் தொற்று இருப்பதாகவே காட்டும். இதனால், திரும்பி வரும் பிள்ளையிடம் 'தொற்று இல்லை' என்ற பிசிஆர் சான்றை நாங்கள் கேட்கப் போவதில்லை.

காலையில் பாராசிட்டமால் கொடுத்து, உடல் சூடு தணிந்ததும் அனுப்பிவைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருப்பதை அறிவேன். அன்பு கூர்ந்து இதை மட்டும் செய்யாதீர்கள். மருந்தின் வேகம் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் குறைந்து, மதிய இடைவேளைக்குள் காய்ச்சல் திரும்பி, பிள்ளை தலையை மேசைமேல் சாய்த்துக்கொள்வதை ஆசிரியர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். அதற்குள் அந்தப் பிள்ளை வகுப்பு முழுவதோடும் ஒரே காற்றைச் சுவாசித்து அரை நாள் கழிந்திருக்கும். மருந்தின் துணையின்றி 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமலும், மற்ற அறிகுறிகள் தணிந்துகொண்டும் இருந்தால் அனுப்புங்கள்; பரிசோதனையில் தொற்று உறுதியாகியிருந்தால், சுகாதாரத் துறை அப்போது விதித்திருக்கும் நாள்கணக்கை முடித்துவிட்டு அனுப்புங்கள். சளி தீர்ந்த பின்னும் இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் நீடிப்பது இயல்பு. அதற்காக அத்தனை நாளும் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை; முகக்கவசம் அணிவித்து அனுப்பினால் போதும்.

ஒவ்வாமையால் ஆண்டு முழுவதும் தும்மும் பிள்ளைகளின் பெற்றோர், மருத்துவரின் குறிப்பு ஒன்றை ஒரே ஒருமுறை தந்தால் போதும். கண்ணும் மூக்கும் அரித்து, தொடர்ச்சியாகத் தும்மல் வந்து, காய்ச்சல் இல்லாமல் இருப்பது அவர்களின் வழக்கமாக இருக்கலாம். வழக்கத்துக்கு மாறாகத் தொண்டை வலியோ உடல் வலியோ சேர்ந்தால் அன்று அதைப் புதிய நோயாகவே கொள்ளுங்கள்.

இனி, எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு ஒரு நாள், காய்ச்சலோடு ஓய்வறையில் படுத்திருந்த சிறுமி ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். "வீட்டுக்குப் போனால் எனக்கு முழு வருகைச் சான்றிதழ் கிடைக்காதா?" என்று திருப்பிக் கேட்டாள். முதல் நாள் இரவே உடம்பு சரியில்லாமல் இருந்தும், அந்தச் சான்றிதழுக்காகவே வீட்டில் சொல்லாமல் வந்திருக்கிறாள். ஆண்டு விழா மேடையில் கைதட்டலோடு அந்தச் சான்றிதழை வழங்கி வந்தவன் நான். நோய் வந்தாலும் பள்ளிக்கு வரவே வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்ததும் நாங்களே. இந்த ஆண்டு முதல் அந்தச் சான்றிதழ் இல்லை. அறிகுறிகளுக்காக எடுக்கும் விடுப்பு, வருகைப் பதிவேட்டில் தனியாகக் குறிக்கப்படும். எந்தத் தகுதிக்கும் அது தடையாகாது. தவறவிட்ட தேர்வை வேறொரு நாளில் எழுதலாம். அன்றைய பாடக் குறிப்புகளை மாலைக்குள் வகுப்பாசிரியர் அனுப்பிவைப்பார். மூன்று நாள் வரையிலான விடுப்புக்கு மருத்துவச் சான்றும் வேண்டாம். சான்று ஒன்றுக்காகவே லேசான சளியுள்ள பிள்ளையை, நோயாளிகள் நிறைந்த காத்திருப்பறையில் உட்காரவைப்பது யாருக்கும் நல்லதன்று.

பிள்ளை வீட்டிலிருந்தால் பெற்றோரில் ஒருவர் வேலைக்குப் போக முடியாது. சிலருக்கு அது அன்றைய ஊதியத்தையே இழப்பதாகும். இந்தச் சுமையைப் பள்ளியால் நீக்க முடியாது என்பது எனக்கு வருத்தமே. உங்கள் பணியிடத்தில் காட்ட ஒரு கடிதம் தேவையென்றால் அன்றே எழுதித் தருகிறேன். ஆனால் சளியுள்ள பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுச் செல்லும் முன் ஒருமுறை யோசியுங்கள். பேரப்பிள்ளைக்கு மூக்கொழுகலாக முடியும் அதே தொற்று, கடுமையான நோயாக மாறும் வாய்ப்பு வயது ஏற ஏற வெகுவாகக் கூடுகிறது. வேறு வழியே இல்லையென்றால், சன்னல்களைத் திறந்துவைத்து, இருவரும் முகக்கவசம் அணிந்து, தள்ளி உட்காரச் சொல்லுங்கள். எங்கள் பள்ளிக்குள்ளும் நோயெதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர் இருக்கிறார்கள். அவர்கள் யாரென்று சொல்வது முறையன்று. உங்கள் பிள்ளைக்கு மிகவும் வேண்டியவர்களாகக்கூட அவர்கள் இருக்கலாம்.

வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலோ, மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பினாலும் எழாத சோர்வு இருந்தாலோ, நீர்கூட அருந்த மறுத்தாலோ, காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் எக்காரணத்தாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

விடுப்புச் செய்தியைக் காலை 8 மணிக்குள் வகுப்பாசிரியருக்குத் தெரிவியுங்கள். என்னென்ன அறிகுறி, என்று தொடங்கியது என்ற இரண்டு விவரங்கள் போதும். அவை வகுப்பில் வாசிக்கப்பட மாட்டா. பள்ளி நேரத்தில் அறிகுறி தோன்றினால், பிள்ளையைக் காற்றோட்டமான தனி அறையில் ஆசிரியர் ஒருவரின் துணையோடு அமரவைத்து உங்களை அழைப்போம். சென்ற மாதம் அவ்வாறு அழைத்தபோது சில வீடுகளின் எண்கள் மாறிப்போயிருந்தன, பிள்ளைகள் மாலை வரை காத்திருக்க நேர்ந்தது. எனவே இந்த வாரத்துக்குள், உடனே வந்து அழைத்துச் செல்லக்கூடிய இருவரின் தொலைபேசி எண்களை நாட்குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, கையொப்பமிட்டு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்