மாதிரி நடுவர்களாக வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பள்ளி மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் ரோபோ போட்டிக்கு முன், சனிக்கிழமைதோறும் வந்து எங்கள் ரோபோ அணிப் பிள்ளைகளைக் கேள்வி கேட்ட உங்கள் எல்லோருக்கும் அணியின் வழிகாட்டிகள் சார்பில் மனமார்ந்த நன்றி.

களத்தில் ஓடும் ரோபோவை ஊரே பார்க்கும். நடுவர் அறையில் நடப்பது யார் கண்ணிலும் படாது. குறுக்கீடு இல்லாமல் பேச 5 நிமிடம், அதன்பின் கேள்விகள். கையில் இருப்பது, அட்டை நீங்கலாக 15 பக்கத்துக்கு மிகாத, ரோபோவை உருவாக்கிய விதத்தை விளக்கும் பொறியியல் தொகுப்பு. வழிகாட்டிகள் வாய் திறக்கக் கூடாது. 12 வயதுப் பிள்ளையானாலும் தான் செய்த வேலைக்குத் தானே பதில் சொல்ல வேண்டும்.

இங்கே பெரிய எதிரி மனப்பாடம். ஒரு வரி நழுவினால் அடுத்த வரிக்குப் பிடியே இருக்காது, பேச்சு அப்படியே நின்றுவிடும். எழுதிய தாள்களை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு சிறு அட்டையில் மூன்றே சொற்களை எழுதச் சொன்னீர்கள்: சிக்கல், காரணம், மாற்றம். உரையையும் நாலரை நிமிடத்துக்குக் குறைக்கச் சொன்னீர்கள். ஆள் மாறும்போதும் ரோபோவைத் திருப்பிக் காட்டும்போதும் நொடிகள் கரைந்துவிடுகின்றன. அந்த அரை நிமிடம் அதற்குத்தான்.

ஆங்கிலத்தில் திணறியவர்களை முதலில் தமிழில் விளக்கச் சொன்னதற்குத் தனி நன்றி. விஷயம் தெரியாமல் திணறுகிறார்களா, சொல் கிடைக்காமல் திணறுகிறார்களா என்பது அப்போதுதான் பிரிந்து தெரிந்தது. இரண்டுக்கும் மருந்து வேறு.

போட்டியில் யாரும் இயக்காமல் ரோபோ நிரலின்படி தானே ஓடும் பகுதியைப் பற்றி, "தானியங்கிப் பகுதி நன்றாக ஓடுகிறது" என்ற பதிலை நீங்கள் ஒருமுறைகூட ஏற்றுக்கொள்ளவில்லை. "பத்துத் தடவை ஓட்டினால் எத்தனை தடவை சரியான இடத்தில் நிற்கும்?" என்று கேட்டீர்கள். அளந்து பார்த்தபோதுதான் கோளாறு பிடிபட்டது. மோட்டார் இத்தனை விநாடி ஓட வேண்டும் என்று நிரல் எழுதியிருந்தார்கள். 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் இருந்தால் வண்டி இலக்கைத் தாண்டிப் போகும். சார்ஜ் இறங்கினால் முன்னாலேயே நின்றுவிடும். விநாடிக்குப் பதிலாக, மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் என்கோடர் கருவியின் எண்ணிக்கையை வைத்து நிறுத்தியதும் அந்த வேறுபாடு பெருமளவு குறைந்தது. சக்கரம் வழுக்கினால் என்கோடரும் ஏமாறும் என்பதையும் பிள்ளைகளே சேர்த்துச் சொன்னார்கள். செய்த வேலையின் குறையைத் தயங்காமல் சொல்லும் துணிவு எங்களுக்கு எந்தக் கோப்பையையும்விடப் பெரிது.

மனிதவளத் துறையிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு சொல். வளாக நேர்காணலில் "நீங்கள் சந்தித்த ஒரு சிக்கலையும் அதைத் தீர்த்த விதத்தையும் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள் என்றீர்கள். பேட்டரிக் கதையே அதற்கு நேரான பதில். 'நாங்கள் செய்தோம்' என்பதோடு நிறுத்தாமல், அதில் தன் பங்கு எது என்று பிரித்துச் சொல்லவும் பழக்கினீர்கள். ஒருவரே எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொள்வதும் அதனால் நின்றது.

லேத் பட்டறை அண்ணனுக்கும் நன்றி. "ரோபோவின் கை இவ்வளவு நீளமாக இருந்தால், அதை அசைக்கும் சர்வோ மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் தாங்குமா?" என்ற அவருடைய கேள்வி, நீங்கள் கேட்ட மற்றக் கேள்விகளோடு ஒரு நோட்டில் பதிவாகியிருக்கிறது. அடுத்த பருவத்து அணி முதல் நாளே அந்த நோட்டைத்தான் பிரிக்கப்போகிறது.

நன்றியுடன்,
அணி வழிகாட்டிகள்