புதிய தழும்பு இல்லையென்றால் களைப்பு பொய்யா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைச் சிதைத்து ஆங்காங்கே தழும்பு விடும் நோய் பற்றி எழுதியிருந்தீர்கள். 'எம்.ஆர்.ஐ.யில் புதிய தழும்பு இல்லையென்றால் களைப்பு பெரும்பாலும் மனம் சார்ந்ததே' என்ற வரியை என் மனைவி இரண்டு முறை படித்தாள். அப்புறம் ஒன்றும் பேசாமல் இதழை என்னிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒன்பது வருடமாக அந்த நோயோடு இருப்பவள்.

எங்கள் வீட்டு வாசலில் கைப்பம்பு இருக்கிறது. முன்பெல்லாம் மூச்சு வாங்காமல் எட்டுக் குடம் அடிப்பாள். இப்போது இரண்டாவது குடத்திலேயே படியில் உட்கார்ந்துவிடுகிறாள். ஸ்கேன் 'பழையபடியே இருக்கிறது' என்று வந்த ஒரு நாள், நானே அவளைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டேன். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அதே சொல்லை நீங்கள் அச்சில் போட்டுவிட்டீர்கள் ஐயா.

எங்கள் நரம்பு மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. வழக்கமான எம்.ஆர்.ஐ. படம் திசுவில் உள்ள தண்ணீரை வைத்து வருவது. அதே மெஷினில் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி முறையில் திசுவுக்குள் இருக்கும் வேதிப்பொருட்களையும் அளக்கலாம். அதில் என்.ஏ.ஏ. என்ற பொருள் முக்கியமாக நரம்பு செல்களில் இருப்பது; அது குறைந்தால் அந்த செல்களுக்குப் பாதிப்பு என்று பொருள். எம்.எஸ். உள்ளவர்களுக்குத் தழும்பில் மட்டுமல்ல, படத்தில் குறையே இல்லாததுபோல் தெரியும் பகுதியிலும் அது குறைந்திருக்கிறது. களைப்பு அதிகமுள்ள நோயாளிகளின் மூளை முன்பகுதி சர்க்கரையைக் குறைவாகச் செலவழிக்கிறது என்பதை பெட் ஸ்கேன் 1990களிலேயே காட்டியது. இவை இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கான அளவீடுகள்தான், சரி. ஆனால் இத்தனை வருடம் மருத்துவப் பக்கம் நடத்தும் உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

வெயில் பற்றி ஒரு வரிகூட இல்லை. உடம்பு சூடானால் இந்த நோயில் பார்வை மங்கும், கால் தளரும். உடலுழைப்புக்குப் பிறகு பார்வை மங்குவதை 1890இலேயே ஊட்ஹோஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்தார்; அதற்குச் சூடுதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. மே மாதம் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோவுக்குள் அவளை வைத்துக்கொண்டு நின்றவனுக்கு அது தெரியும். அந்த லாரி வரிசை பற்றி முன்பு உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் எம்.எஸ். பெயரோடு இருக்கிறது. சான்றிதழ் கேட்டுப் போன இடத்தில், "நல்லாத்தானே நடக்கிறாங்க" என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். இனி உங்கள் கட்டுரையையும் எடுத்துக் காட்டுவார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த வரிக்கு ஒரு திருத்தம், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் போடுங்கள். வந்ததும் நானே அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தண்டையார்பேட்டை, சென்னை-81